நானூற்றுப் பன்னிரண்டு பேர் தாண்டிப் போன ஸ்டேஷன்

மாமாவைப் பற்றி எழுத எனக்கு இரண்டு தகுதி இருக்கிறது. அவர் என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் என்பது ஒன்று. அவர் இருபத்திரண்டு வருஷம் ரயில் ஓட்டிய மலைப்பாதையை, ராத்திரி ராத்திரியாகக் கண் எரிய உட்கார்ந்து, கம்ப்யூட்டருக்குள் கட்டியவன் நான் என்பது இன்னொன்று. இரண்டுக்குமே யாரும் எனக்கு நன்றி சொன்னது கிடையாது.

நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் வராத நேரத்தில் எனக்கு இருக்கும் ஒரே கெட்ட பழக்கம் ரயில் சிமுலேட்டர். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடி ரயில் ஓட்டுகிற விளையாட்டு. சுடுவது, வெட்டுவது எதுவும் இல்லை. பிரேக்கைப் பிடிக்கணும், விடணும், ஸ்டேஷனில் சரியாக நிறுத்தணும், அவ்வளவுதான். இதற்காக சோறு தண்ணி மறந்து கிடக்கிற ஜனங்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு பாதையைச் செய்து அதில் போடலாம். மாமா சொல்லச் சொல்ல நான் அவருடைய மலையைச் செய்து போட்டேன்.

"பாலத்துக்கு இடது பக்கம் ஒரு பட்டமரம் இருக்குமே, எங்கடா?" என்பார். அந்த மரம் வரும்வரை என் உயிரை எடுப்பார். சரி, நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள் என்றால் மட்டும், "போ மாப்ளே, பொம்மை ரயிலு" என்று எழுந்து போய்விடுவார்.

மாமா அளந்து வாழ்கிற ஆள். சைக்கிளைத் தினமும் ஒரே செங்கல்லில் முட்டி நிறுத்துவார். சட்டையைத் தானே தேய்த்துக்கொள்வார், வேறு யார் தேய்த்தாலும் காலர் சரியில்லை. அக்கா சொல்வாள், "இவர்கிட்ட நல்ல குணம், சொன்ன நேரத்துக்கு வந்துடுவார். கெட்ட குணம், வந்தப்புறம் வாயைத் திறக்க மாட்டார்." மலையில் எந்த இடத்தில் எவ்வளவு பிரேக் என்று அவர் எழுதி வைத்ததே இல்லை. எல்லாம் கைக்குத் தெரியும். இறக்கத்தில் ஆறாவது கிலோமீட்டரில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதைப் பார்த்ததும் கை பிரேக்குக்குப் போகும். அங்கே பிடித்தால் அடுத்த ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அலுங்காமல் நிற்கும். இருபத்திரண்டு வருஷமாக நின்றது.

போன வருஷம் அக்காவுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். மாமா மூன்று வாரம் லீவு போட்டார். அந்த மூன்று வாரத்தில், தொட்டிக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருந்த வளைவை எடுத்துவிட்டுத் தண்டவாளத்தை நேராக்கிவிட்டார்கள். நேராக்கினால் தூரம் குறையும். அதே உயரத்தைக் குறைந்த தூரத்தில் இறங்கணும் என்றால் சரிவு கூடும். எல்லாவற்றையும் ஒரு சுற்றறிக்கையில் தெளிவாக எழுதி, இனிமேல் தொட்டிக்கு இருநூறு மீட்டர் முன்னாலேயே பிரேக் பிடிக்கணும் என்று சொல்லி, எல்லா டிரைவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மாமா லீவு முடிந்து போன அன்று இப்படி ஒன்பது சுற்றறிக்கை அவருக்காகக் காத்திருந்தது. ஒன்பதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலேறினார்.

அன்றைக்கு ரயில் ஸ்டேஷனில் நிற்கவில்லை. பிளாட்பாரத்தைத் தாண்டி, சிவப்பு சிக்னலையும் தாண்டி, ஒன்றரைப் பெட்டி தூரம் போய் நின்றது. எதிரே வண்டி இல்லை, யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனாலும் சிவப்பைத் தாண்டினால் தாண்டியதுதான். மாமாவை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். பிரேக்கைச் சோதித்தார்கள், பழுதில்லை. இன்ஜினில் இருக்கிற பதிவுக் கருவியைப் பார்த்தார்கள், பிரேக் இருநூறு மீட்டர் தாமதமாகப் பிடிக்கப்பட்டிருந்தது. அப்படியானால் என்ன அர்த்தம்? ஆள் தூங்கிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. மாமா முதல் விசாரணையில் ஒரே ஒரு வாக்கியம்தான் எழுதிக் கொடுத்தார்: "நான் தூங்கவில்லை, எவர் ஓட்டியிருந்தாலும் தாண்டித்தான் போயிருக்கும்."

யார் நம்புவார்கள்? தூங்கினார் என்று முடிவாகிவிட்டால் அதற்கப்புறம் ஆயுசுக்கும் ரயிலைத் தொட முடியாது. அதைவிட மோசம், பேர். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, "உங்கப்பா தூங்குமூஞ்சி டிரைவராமே" என்று கேட்டதற்கு மாமாவின் மகள் ஜியாமெட்ரி பாக்ஸால் அவள் மண்டையில் போட்டுவிட்டு வந்தாள். மாமா அவளைத் திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. பாக்ஸின் நசுங்கிய மூலையைச் சுத்தியலால் தட்டி நேராக்கிக் கொடுத்தார்.

சஸ்பெண்டில் இருந்த நாளெல்லாம் என் கடையில் வந்து உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்தாலாவது பரவாயில்லை. ஸ்க்ரூவை எல்லாம் அளவுவாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டு, எது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாமல் செய்துவிட்டார். அப்படி ஒரு நாள் என் திரையை எட்டிப் பார்த்தவர், "இது பழைய வளைவு" என்றார்.

"ஆமா மாமா. மூணு வருஷத்துக்கு முன்னாடி செஞ்சது."

சட்டைப்பையிலிருந்து அந்தச் சுற்றறிக்கையின் நகலை எடுத்து மேஜையில் வைத்தார். "இதுல இருக்கிற மாதிரி மாத்து."

"எதுக்கு?"

"மத்தவங்க நிறுத்துறாங்களான்னு பார்க்கணும். எனக்குத் தெரிஞ்சாகணும் மாப்ளே."

ஒன்பது நாள் ஆனது. வளைவை எடுத்தேன், சரிவை ஏற்றினேன், சுற்றறிக்கையில் இருந்தபடி புது அறிவிப்புப் பலகை நட்டேன், பழைய தண்டவாள இணைப்பில் வருகிற தடதட சத்தத்தையும் எடுத்துவிட்டேன். கூடவே பாறைக்கும் மூடுபனிக்கும் மெருகு போட்டேன், அது என் ஆசைக்கு. வெளியிட்டபோது குறிப்பின் முதல் வரியிலேயே எழுதினேன்: ஆறாவது கிலோமீட்டரில் சரிவு கூடியிருக்கிறது, தொட்டிக்கு இருநூறு மீட்டர் முன்னால் பிரேக் பிடிக்கவும்.

பிறகு வந்தது பாருங்கள் வசவு! மூன்று வருஷமாக என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய அதே ஆட்கள். 'ஹார்ன் மன்னன்' என்று பேர் வைத்துக்கொண்ட ஒருவர், "மூடுபனி பிரமாதம், பிரேக் படுமோசம்" என்று எழுதினார். 'கடைசிப் பெட்டி' என்பவர், "நல்லா இருந்ததை நோண்டிக் கெடுப்பதற்கு ஒரு கூட்டமே இருக்கிறது" என்றார். 'பிளாட்பாரம் நாய்' நாலு பத்தி எழுதினார். தான் அறுநூறு தடவை இந்த மலையை இறங்கியவர் என்றும், தன் கணக்கு ஒருநாளும் தப்பாது என்றும், தப்பு என் பக்கம்தான் என்றும், தொட்டியை நான் ரகசியமாக நகர்த்திவிட்டேன் என்றும். தொட்டியை நான் தொடக்கூட இல்லை! எனக்கு வந்த ஆத்திரத்தில் பதிலுக்கு நாலு வார்த்தை எழுதியிருப்பேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "திட்டட்டும்டா, திட்டட்டும்" என்றார். ஒவ்வொரு வசவையும் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஆறு மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

யார் எங்கே பிரேக் பிடித்தார்கள், எங்கே நின்றார்கள் என்று விளையாட்டு தானே பதிந்து வைக்கும். ஒரு வாரம் கழித்து எண்ணினேன். புதுப் பாதையில் முதல் தடவை இறங்கியவர்கள் நானூற்று முப்பத்தொரு பேர். ஸ்டேஷனைத் தாண்டிப் போனவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு.

அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டிரைவர் சங்கத்துக்காரர் உடனே வந்தார். மாமாவுக்காக விசாரணையில் பேசுகிறவர் அவர்தான். தாளைப் பார்த்துவிட்டு, "இது போதும், பாதையே ஆபத்தானதுன்னு அடிச்சுச் சொல்லிடலாம்" என்று மேஜையைத் தட்டினார். இனிப்பு வாங்கி வரச் சொல்லி என்னை விரட்டினாள் அக்கா. நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"மிச்சம் பத்தொன்பது பேர்?" என்றார் மாமா.

"அதை விடுங்க மாமா."

"நின்னாங்கல்ல. எப்படி நின்னாங்க?"

எனக்கு ஏற்கெனவே தெரியும். முந்தின நாளே பார்த்துவிட்டேன், பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பொய் சொல்லத் தெரியாத மூஞ்சி என்னுடையது, அதுதான் காட்டிக்கொடுத்துவிட்டது. திரையைத் திருப்பிக் காட்டினேன். பத்தொன்பதில் பதினேழு பேர் இந்த மலைக்கே புதுசு. பழைய பாதையை ஒரு தடவைகூட ஓட்டாதவர்கள். புதியவர்கள் மொத்தமே பதினெட்டுப் பேர்தான், ஒரே ஒருவர்தான் தாண்டியிருந்தார். மீதி இரண்டு பேரில் ஒருவர் குறிப்பைப் படித்தவர். இன்னொருவர் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மெதுவாக வந்தவர், இதை அவர்களே எழுதியிருந்தார்கள்.

தாண்டிப் போன மற்றவர்கள் எல்லாம் பழைய கைகள். அறுநூறு தடவை, முந்நூறு தடவை, ஆயிரம் தடவை. எல்லாரும் தொட்டியைப் பார்த்ததும் பிரேக் பிடித்திருக்கிறார்கள்.

மாமா அந்தப் பட்டியல் மேல் விரலை வைத்தார். "நானும் அங்கதான் பிடிச்சேன்" என்றார். "பலகை இருந்துச்சு. சத்தமும் மாறியிருந்துச்சு. ஒன்பது காகிதத்துல கையெழுத்துப் போட்டேனே, ஒண்ணைக்கூட நான் படிக்கலை."

சங்கத்துக்காரர் தொண்டையைக் கனைத்தார். "இந்தப் பத்தொன்பதை யாரும் கேட்கப் போறதில்லை. நாமளா எதுக்கு வாயைக் கொடுக்கணும்?"

"யாரும் கேட்கலைன்னா?"

"முழுசா விடுதலை. அடுத்த வாரமே மலையில இருப்பீங்க."

"ஏங்க, அவர் சொல்றதைக் கேளுங்க" என்றாள் அக்கா. "ஆறு மாசமா நாம பட்டது போதாதா?" அவள் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. சண்டைதான் போடுவாள். மாமா திரையிலிருந்த பத்தொன்பது பேரையும் மறுபடி ஒவ்வொன்றாக எண்ணினார்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். பொம்மை ரயில் என்று மூன்று வருஷம் தொடாதவர், முதல் தடவையாக என் நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டினார். ஐந்து நாள் ஓட்டினார். நான் என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார்.

விசாரணைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள், பாதையைச் செய்தவன் என்ற முறையில். நீளமான அறை, தண்ணீர் ஜாடி, ஃபைல்கள். அதிகாரி ஒரு பெண். முடியை இறுக்கி முடிந்து, பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். "விளையாட்டையெல்லாம் சாட்சியா எடுத்துக்க முடியாது" என்று ஆரம்பித்தவர், தாளைக் கையில் வாங்கியதும் கீழே வைக்கவில்லை. சங்கத்துக்காரர் நானூற்றுப் பன்னிரண்டை வைத்து நன்றாகவே முழங்கினார். எனக்கே மெய்சிலிர்த்தது. அவர் உட்கார்ந்ததும் மாமா எழுந்து, இரண்டாவது தாளை நீட்டினார். சங்கத்துக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இவங்க பத்தொன்பது பேர் நின்னவங்க மேடம். புதுசா வந்தவங்க பலகையைப் பார்த்து ஓட்டுறாங்க. பழகினவங்க பழக்கத்துல ஓட்டுறோம். சுற்றறிக்கையில இருக்கிறது என் கையெழுத்துதான், ஆனா நான் படிக்கலை. நான் தூங்கலை. பழைய இடத்துல பிடிச்சேன். மலையில என்னை மாதிரி பழைய ஆளுங்க இன்னும் பதினோரு பேர் ஓட்டுறாங்க. காகிதம் கொடுத்தா போதாது மேடம், ஒவ்வொருத்தரையும் கூட உட்கார்ந்து ஓட்ட வெச்சுப் பார்க்கணும்."

அதிகாரி பேனாவை மூடினார். "இப்போ உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு. திரும்ப மலைக்கு அனுப்பினா சரியா நிறுத்திடுவீங்கல்ல?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. அந்த அம்மாள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே கேட்டதாகத்தான் எனக்குப் பட்டது. நான் மேஜைக்கு அடியில் மாமாவின் காலை மிதித்தேன்.

மாமா நோட்டை எடுத்தார். "அஞ்சு நாள் இவன் கடையில உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன் மேடம். எல்லாம் தெரிஞ்சுதான் ஓட்டினேன். நாற்பது தடவை. இருபத்தாறு தடவை தாண்டிட்டேன்." கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "இப்போதைக்கு என்னை அனுப்பாதீங்க."

உத்தரவு பதினைந்து நாளில் வந்தது. ஒரு வருஷத்துக்கு ஷெட்டுக்குள் காலிப் பெட்டிகளை நகர்த்துகிற வேலை, அதன் பிறகு மறு பரிசோதனை. பழைய டிரைவர்கள் பதினோரு பேரையும் ஆய்வாளர் கூட உட்கார்ந்து ஓட்டவைக்க வேண்டும் என்று தனியாக ஒரு பத்தி. அக்கா அதைக் கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை எல்லாம் நங்கு நங்கென்று வைத்தாள். "ஒரு வருஷம் காலிப்பெட்டி தள்ளணுமாம்! உண்மையைச் சொன்னதுக்குப் பரிசு!" அவள் கோபத்தில் எனக்கும் பாதிப் பங்கு இருந்தது. இந்த மனுஷனுக்காக உலகம் பூரா வசவு வாங்கியவன் நான்.

மாமா மகளைக் கூப்பிட்டார். முதல் பக்கத்தில் நாலாவது வரியில் விரலை வைத்து, "படி" என்றார்.

அவள் படித்தாள். "பணியின்போது ஓட்டுநர் தூங்கினார் என்ற குற்றச்சாட்டு உண்மையல்ல எனத் தீர்மானிக்கப்படுகிறது."

"இன்னொரு தடவை."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அவள் இன்னொரு தடவை, இந்த முறை உள்ளே இருக்கிற அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகப் படித்தாள்.