மூன்று வாசர்

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருடங்களில் நான் பாறசாலையில் கார் மெக்கானிக். கியர் தானாக மாறும் தன் பழைய அமெரிக்கக் காரை, காட்டாக்கடை எஸ்டேட் முதலாளி ஒருவர் கொண்டுவந்தார். கியர் வழுக்குகிறதாம். உள்ளே எண்ணெய் அழுத்தத்தைப் பிடிக்கும் ஸ்பிரிங்குக்கு அடியில் சைக்கிள் வாசர் என்கிற சின்ன இரும்பு வளையம் ஒன்றை வைத்தால் போதும், கியர் கச்சிதமாக விழும். செலவே இல்லாத வேலை. ஒன்றுக்கு மேல் வைத்தால் அழுத்தம் ஏறி கார் உதைக்கும்.

பக்கத்தில் நின்ற முதலாளி சும்மா இருக்கவில்லை. "தமிழ்நாட்டோட சேரணும்னு கெடந்து கத்துறவன் எல்லாம் வேலைக்குப் போகாத மடியன்மாராக்கும்" என்றார். என் தம்பி தினமும் ஊர்வலத்துக்குப் போகிறவன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்று வாசரை அடுக்கி மூடினேன். கியருக்குக் கியர் உன் இடுப்பு ஒடியட்டும்!

மறுநாள் ஊர்வலத்தில் போலீஸ் தடியடி. தம்பிக்குத் தொடையெலும்பு முறிந்தது. நான் ஓடிப்போய்க் கைகாட்டியும் ரோட்டில் ஒரு வண்டியும் நிற்கவில்லை. நின்றது அந்தக் கார்தான்.

"எலே, பாத்துட்டு நிக்காதே, காலைப் பிடி!" முதலாளியே இறங்கி அவனைப் பின்சீட்டில் கிடத்தினார்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி வரை, கியர் மாறும்போதெல்லாம் கார் உதைத்தது. ஒவ்வொரு உதைக்கும் தம்பி அலறினான்.

"பொறுத்துக்கோ மக்கா, மெதுவாதான் போறேன். நேத்து முதல் இப்படி உதைக்குது. உங்க அண்ணன்கிட்ட காட்டத்தான் வந்தேன்."

நான் தம்பியின் காலை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

அவர் சொன்ன சொல்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை. தம்பி இன்றைக்கும் நொண்டிக்கொண்டே அந்தத் தடிக்காரனைத் திட்டுகிறான். வழி நெடுக அவனை அடித்தவன் நான் என்று அவனுக்குத் தெரியாது.