சன்னலோரக் கட்டில்

இண்டூர் சுகுணாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது பேச்சில் தடுமாறினால் மீதியை அவளே முடித்துவிடுவாள். உதவி என்று நினைத்துத்தான் செய்வாள். ஐந்து வருடங்களுக்கு முன் அவள் பிள்ளை பெற்ற வார்டில் கட்டிலுக்குக் கட்டில் திரை இல்லை. அதைக் கேட்டு வாங்கியவள் என்பதால், மருத்துவமனையின் பிரசவப் பகுதிக் குழுவில் தாய்மார்களின் பிரதிநிதியாக அவளை உட்காரவைத்தார்கள். புதிதாக வருகிற பிரதிநிதிகளைப் பழக்குவதும் அவள் பொறுப்பாயிற்று.

இந்த முறை வந்தவள் சித்தேரி மலையிலிருந்து வெண்மதி. டாக்டர் சுற்றி வந்து கையெழுத்துப் போட்டு, வீட்டுக்குப் போகும் சீட்டு கைக்கு வரும்போது மணி நாலாகிவிடுகிறது. மலைக்குக் கடைசிப் பேருந்து மூன்றரைக்கு. பச்சை உடம்புக்காரிகள் குழந்தையோடு பேருந்து நிலையத்தில் மறுநாள்வரை கிடக்கிறார்கள். வெண்மதியும் கிடந்தவள்தான். அதைச் சொல்லத்தான் மலையிறங்கி வந்திருந்தாள்.

முதல் கூட்டத்தில் எழுந்து, "மேடம், எங்க ஊரு பஸ்ஸு..." என்று தொடங்கி எச்சில் விழுங்கினாள். அவ்வளவுதான், சுகுணா பிடித்துக்கொண்டாள். போக்குவரத்து வசதி, தாய்மார் நலன் என்று கோவையாகப் பேசினாள். வார்டைச் சுற்றிப் பார்க்கும் டாக்டர் கலைமணி தலையாட்டி, "பஸ் நேரத்த மாத்தச் சொல்லி ஒரு லெட்டர் போட்டுடலாம்" என்றார். விஷயம் மருத்துவமனையை விட்டே வெளியே போய்விட்டது.

வாசலுக்கு வந்ததும் வெண்மதி சொன்னாள்: "நல்லாத்தான் பேசுனீங்கக்கா. ஆனா நான் பஸ்ஸ மாத்தச் சொல்ல வரலியே, சீட்ட முன்னாடி குடுக்கச் சொல்லத்தானே வந்தேன். அடுத்த வாட்டி நீங்க மட்டும் போங்க. நான் எதுக்கு, பிஸ்கட்டு தின்னவா?"

சுகுணாவுக்குச் சுருக்கென்றது. இவள் வராமல் போனால் மலைப் பெண்களின் பேச்சும் வராமல் போகும்.

"இன்னொருக்கா வா. நான் வாயத் தொறந்தா ஏன்னு கேளு."

அடுத்த மாதமும் வெண்மதி எழுந்தாள். மறுபடியும் பேச்சு நின்றது. சுகுணாவின் நாக்கு நுனியில் முழு வாக்கியமும் வந்து நின்றது. துணைக்கு நிற்பவள் எந்த இடத்தில் குறுக்கே நிற்பவளாகிறாள் என்று அவளுக்கு இப்போதும் விளங்கவில்லை. நர்ஸ் ஜாஸ்மின், 'சொல்லுங்களேன்' என்பதுபோலச் சுகுணாவைப் பார்த்தார். சுகுணா தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.

"மேடம்," வெண்மதியின் குரல் எழுந்தது. "காலையில எந்தக் கட்டில்ல இருந்து பாத்துக்கிட்டு வருவீங்க?"

"கதவோரம், ஒண்ணாம் நம்பர்ல இருந்து."

"மலைக்காரங்க எல்லாம் அந்தக் கடேசி, சன்னலோரம் இருக்கறோம். அங்க இருந்து ஆரம்பிச்சா என்னங்க? எங்க பஸ்ஸு மூணரைக்குப் போயிடுதுங்க."

கலைமணி ஜாஸ்மினைப் பார்த்தார். "ஏன், கடைசியிலயா போடறோம்?"

"அங்கதான் மேடம் எப்பவும் எடம் இருக்கும்."

"திங்கக்கிழமையில இருந்து சன்னல் பக்கமே ஆரம்பிக்கறேன். அவங்க சீட்டு பன்னண்டுக்குள்ள ரெடியாயிடணும்."

படியிறங்கும்போது வெண்மதி சுகுணாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பரவால்ல," என்றாள் சுகுணா. "இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசியிருக்கலாம்."

"பிஸ்கட்டு எப்படிங்கக்கா இருந்துச்சு?"

"நமுத்துப் போயிருந்துச்சு."

"அடுத்த கூட்டத்துல அதையும் சொல்லிடறேன்" என்று வெண்மதி பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.