சங்கு ஊதிய இடத்தில் ஒரு வரி

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில், பெண்கள் பெட்டிக்கு ஒரு ஜட்ஜ் உண்டு. பெயர் ஷைலா, வயது ஐம்பது. கே.ஆர்.புரம் பக்கம் துணி கம்பெனியில் செக்கிங் வேலை. சட்டையை விரித்துப் பிடித்தால் போதும், விட்டுப்போன தையல் அவள் கண்ணில்தான் முதலில் விழும். எட்டாவதோடு படிப்பை விட்டவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். ஆனால் பழைய சினிமாப் பாட்டு என்று வந்துவிட்டால், அவள் தலையாட்டியதுதான் தீர்ப்பு.

பெட்டியில் இரண்டு கட்சி. சாம்பியன் ஸ்டேஷனில் ஏறும் அமலாவின் கூட்டம் ஒன்று, பங்காரப்பேட்டையில் ஏறும் சுனிதாவின் கூட்டம் இன்னொன்று. ஒரு கட்சி பாட்டை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தும். மறு கட்சி அடுத்த வரியை எடுக்க வேண்டும். அந்த வாரம் தோற்றவர்கள் சனிக்கிழமை எல்லாருக்கும் வடை கொண்டுவர வேண்டும். ஃபோனைப் பார்க்கக் கூடாது. சந்தேகம் வந்தால் ஷைலா.

ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பக்கமும் சமமாக நின்றது. வாரத்தைத் தீர்மானிக்க, சுனிதா ஒரு பழைய பாட்டின் இரண்டாவது சரணத்தை எடுத்துப் பாதியில் நிறுத்தினாள். ஆற்றங்கரையில் காதலனுக்காகக் காத்திருப்பவள் பாடும் பாட்டு. படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. பாட்டு மட்டும், ஷைலாவின் சின்ன வயதில், சனிக்கிழமை தவறாமல் ரேடியோ நிகழ்ச்சியில் கடைசியாக வரும். சரியாக இரண்டாவது சரணத்தில் மணி இரண்டாகி, ஷிப்டு மாறுவதற்குத் தங்கச் சுரங்கத்தில் சங்கு ஊதும். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அந்த ஒரு வரி மட்டும் யார் காதிலும் விழுந்ததில்லை.

அமலாவின் லைனிலேயே வளர்ந்த பதின்மூன்று வயது ஷைலா, பள்ளிக்கூட நோட்டில் மிஞ்சிய தாள்களில் பாட்டு எழுதி வைப்பாள். அந்த வரியின் இடத்தை வெறுமையாக விட மனம் வரவில்லை. அவளே ஒன்றை எழுதி நிரப்பினாள். நோட்டு வீடு வீடாகப் போனது. பெண்கள் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்போது அமலாவின் கூட்டம் ஒரே குரலில் பாடியது:

“ஆயிரம் அடி மேலேறி அத்தான் வருவார் கூண்டேறி...”

சுனிதா சிரித்துவிட்டாள். “அய்யோ அக்கா, ஆத்தங்கரையில ஆயிரம் அடி எங்கேர்ந்து வந்துச்சு? கூண்டை யாரு எறக்கினாங்க?”

“நாங்க பாவாடை கட்டின நாள்லேர்ந்து பாடறோம்டி,” என்றாள் அமலா. “நீ நேத்து ரீல்ஸ்ல பாத்துட்டு வந்து எனக்குச் சொல்றியா?”

“எங்க லைன் மொத்தமும் இப்படித்தான் பாடும். யார வேணா கேளு,” என்றாள் பக்கத்திலிருந்த கோவிந்தம்மா.

“உங்க லைன்ல மட்டும்தான் கேக்கணும் போல,” என்றாள் சுனிதா.

எல்லாரும் ஷைலாவைப் பார்த்தார்கள். தலையை ஒருமுறை ஆட்டினால் வடை பங்காரப்பேட்டையிலிருந்து வரும். அமலாவின் முகமும் வாடாது. ஷைலா தலையாட்டவில்லை.

“பாயிண்டு பங்காரப்பேட்டைக்கு,” என்றாள்.

“இன்னாடி சொல்றே? உன் நோட்டுலதானே கீது? நான்தானே பாத்து எழுதினேன்?” என்றாள் அமலா.

“நோட்டுல கீது. பாட்டுல இல்ல. ரெண்டு மணி சங்குல அந்த வரி கேக்காது. நானே எழுதிட்டேன்.”

அமலா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

“என் கல்யாணத்துல சேர்ந்து பாடினாளுங்களே, அதுவும் உன்னுதா?”

“அந்த ஒரு வரி என்னுது.”

“அப்பவே சொல்லி இருக்கலாம்ல?”

“கேட்டிருந்தா சொல்லி இருப்பேன்.”

கோவிந்தம்மா முதலில் சிரித்தாள். “எனக்கு அப்பவே டவுட்டு. பொம்பளைக்குத் தோடு வாங்கியாறேன், பூ வாங்கியாறேன்னு எழுதாம, ஷிப்டு முடிஞ்சு மைன்ஸ் கூண்டுல மேல வந்தா போதும்னு எவன் எழுதுவான் சினிமால?”

சுனிதா விடவில்லை. “ஜட்ஜே டூப்ளிகேட் சரக்கு போட்டா எப்படிக்கா? வேற ஜட்ஜ் பாக்கலாமா?”

ஷைலாவுக்குக் காது சூடானது. வழக்கமாக இந்த இடத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். இன்று திரும்பவில்லை.

“பாரு. ஆனா அதைத் தப்புன்னு சொன்னதும் இந்த ஜட்ஜ்தான். என் கூட்டத்துக்கே எதிரா சொன்னேன். உங்க பக்கத்துல அப்படிச் சொல்றவங்க யாராவது இருந்தா கூப்பிடு. நான் எழுந்துக்கறேன்.”

சுனிதா தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தி பையைத் துழாவினாள். இன்னொருத்தி பூவைச் சரிசெய்தாள்.

“வடைய நீதான் சுடறே,” என்றாள் அமலா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

“சுடறேன்.”

ஷைலா காலை மடக்கி வசதியாக உட்கார்ந்தாள். “இன்னும் மாலூரே வரல. அடுத்த பாட்டு எடு சுனிதா.”

சுனிதா எடுத்தாள்.