குசினிக் கூரையில் வைத்த கண்ணாடி

அதெல்லாம் பொய். சாலிஹ் மச்சான் பெண்பிள்ளை பார்க்கத்தான் கூரையில் ஏறினார் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள், ஒரு நாளாவது எங்கள் குசினிக்குள் நின்று சோறு வடித்திருக்கிறார்களா? இரவோடிரவாக ஓடிப்போனாராம். பட்டப்பகலில், ஒழுங்கை நிறைய ஆட்கள் பார்த்திருக்கத்தான் போனார். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் கண்டதைச் சொல்லத் தெரியும்.

அவர் என் மூத்த சகோதரி, உம்மு குல்தூம் ராத்தாவின் மாப்பிள்ளை. ஏறாவூர்க்காரர். எங்கள் காத்தான்குடியில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் தன் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். மச்சானும் அப்படி வந்தவர்தான். மட்டக்களப்பு டவுனில் ஒரு பிடவைக் கடையில் வேலை செய்தார்.

வெள்ளைக்காரர் காலத்துப் பெரிய யுத்தத்துக்கு முந்தின வருடம் அது. மூத்த பிள்ளை பிறந்த பிறகு ராத்தாவுக்குக் கண் மங்கிவிட்டது. எங்கள் குசினியோ பகலிலும் விளக்குக் கேட்கும். ஒரு நாள், அடுப்பிலிருந்து இறக்கின கஞ்சிப் பானையை வெறும் பானை என்று நினைத்து உள்ளே கையை விட்டுவிட்டார். மணிக்கட்டு வரை தோல் உரிந்தது. அன்றிலிருந்து மச்சானுக்கு அந்த இருட்டின் மேல் ஒரே கோபம்.

சுவரில் யன்னல் வைக்க வழியில்லை. ஒரு பக்கம் ஆட்கள் நடக்கிற ஒழுங்கை. மற்றப் பக்கம் முகைதீன்பாவா முதலாளியின் வளவு. அந்தப் பக்கம் திறந்தால் அவர்களுடைய கிணற்றடி தெரியும். பெண்கள் குளிக்கிற இடம். அதனால் மச்சான் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"மாமி, ரெண்டு ஓட்டைக் கழட்டிட்டு அந்த இடத்தில கண்ணாடி வெச்சா என்ன?"

எங்கள் உம்மா மருமகனோடு முகம் பார்த்துப் பேச மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்றுதான் கதை.

"கூரையில யன்னலா? நல்லம். மாரியில கறிக்குத் தண்ணி ஊத்துற வேல மிச்சம்."

"ஒழுகினா நானே அடுப்புக்குக் குடை புடிக்கிறன் மாமி."

கை வெந்த பிறகு ராத்தா சிரித்தது அன்றைக்குத்தான்.

கடையில் பிடவை அடுக்குகிற அலுமாரியின் கதவுக் கண்ணாடி உடைந்து மூலையில் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றி, தோளில் சுமந்துகொண்டு வந்தார். கண்ணாடி அறுக்கும் வைரத்தை ஒருவரிடம் இரவல் வாங்கி, ஓட்டின் அளவுக்கு இரண்டு துண்டு அறுத்தார். ஒழுகாமலிருக்கத் தோணிக்குப் பூசுகிற குங்கிலியத்தை வாவிக்கரையில் கெஞ்சி எடுத்தார். காசென்று ஒன்றும் போகவில்லை. இருந்தால்தானே போக?

எங்கள் ஊரில் கூரையிலோ தென்னையிலோ ஏறுகிற ஆண் முதலில் குரல் கொடுக்க வேண்டும். "ஓடு மாத்த ஏறுறன், உள்ளுக்குப் போங்க" என்று மச்சான் நாலு பக்கமும் மூன்று தரம் கூப்பிட்டார். அடுத்த வளவில் வாளிச் சத்தம் ஓய்ந்தது. அதன் பிறகுதான் ஏறினார்.

முதல் கண்ணாடியை வைத்தார். மேல் விளிம்பு மேல் ஓட்டுக்கு அடியில், கீழ் விளிம்பு கீழ் ஓட்டுக்கு மேலே, தண்ணீர் வழுக்கி ஓடும்படி. வெளிச்சம் நேரே அம்மியில் விழுந்தது. ராத்தா அம்மியைத் தடவிப் பார்த்தார்.

"இவ்வளவு ஊத்தையா? இதில அரைச்சதையா திண்டம்?"

இரண்டாவதை வைப்பதற்குள் குங்கிலியம் இறுகிப் போனது. சூடாக்க இறங்கினார். அவர் இறங்கினதைக் கண்டு, வேலை முடிந்தது என்று அடுத்த வளவுப் பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். வாவிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கழற்றின இடம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"கெதியா ஏறுங்க, மழ வருது" என்றது ராத்தாதான்.

மச்சான் சட்டியோடு ஓடி ஏறினார். திரும்பக் கூப்பிட மறந்தார். அவருடைய பிழை அது ஒன்றுதான், அதை நான் மறைக்கவில்லை.

கிணற்றடியில் முகைதீன்பாவாவின் மகள் றம்லா தலை முழுகிக்கொண்டு நின்றாள். அவள் கத்தின கத்தில் மச்சான் ஓட்டில் முகத்தை வைத்துக் குப்புறப் படுத்தார். குங்கிலியம் புறங்கையில் கொட்டியது. கிணற்றடி ஓய்ந்த பிறகு, அந்தக் கையாலேயே கண்ணாடியை வைத்துவிட்டு இறங்கினார். உடனே இறங்கவில்லையாம், அதையும் ஒரு குற்றமாகச் சொன்னார்கள்.

றம்லாவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்த நேரம். மூன்றாம் நாள் முகைதீன்பாவா நாலு ஆண்களோடு வந்து வாசலில் நின்றார்.

"பள்ளிவாசல்ல எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேளு, சாலிஹ்."

"கூப்பிடாம ஏறினதுக்கு இப்பவே கேக்கிறன் காக்கா" என்று அண்ணன் முறை வைத்தே சொன்னார் மச்சான். "பார்த்ததுக்குக் கேக்க மாட்டன், நான் பார்க்கல்ல. கேட்டா பார்த்தது மாதிரி ஆகிரும். உங்கட புள்ளட பேர்தான் கெடும்."

"அப்ப கண்ணாடியக் கழட்டு. இல விழுந்தா துடைக்க ஏறுவாய். ஒழுகினா பூச ஏறுவாய். அது இருக்கிற மட்டும் உனக்குக் கூரையிலதான் குடித்தனம்."

கதவுக்குப் பின்னால் இருந்து உம்மாவும் சொன்னார். "எடுத்துருங்க மருமகன். நான் நாப்பது வருஷம் இருட்டில சமைச்சன். செத்தா போனன்?"

"அவட கை வெந்தது மாமி."

"கண்ணாடி போகணும், இல்லாட்டி ஆள் போகணும்" என்றார் முகைதீன்பாவா. கோபத்தில் வந்த வார்த்தைதான். மச்சான் அதை விடவில்லை.

"ஆள் போனா கண்ணாடிய ஒருத்தரும் தொட மாட்டீங்களா?"

முதலாளி தன்னோடு வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். நாலு பேர் முகத்தைப் பார்க்கிறார்கள், பின்வாங்க ஏலாது.

"தொட மாட்டம்" என்றார்.

அன்று ராத்தா அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. "நானும் வாறன்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"நீ வந்தா இந்த வெளிச்சம் ஆருக்கு?" என்றார் மச்சான். "ஏறாவூரில என்ட உம்மா இருக்கிறது கொட்டில். அங்க இதவிட இருட்டு."

திங்கட்கிழமை, மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்தார். உம்மா சாப்பிட்டுப் போகச் சொன்னார். மச்சான் ஆண்கள் சாப்பிடுகிற முன் மண்டபத்தில் இருக்கவில்லை, குசினிக்குள் பாயை எடுத்துப் போட்டு இருந்தார். ராத்தா மீனின் முள்ளைத் தானே எடுத்து எடுத்து அவருக்கு வைத்தார். ஒரு முள்ளும் தவறவில்லை. மச்சான் அதைப் பார்த்துப் பார்த்துத் தின்றார்.

பிறகு கை கழுவி, பிள்ளையின் தலையைத் தடவி, அந்த உடுப்புப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தலைவாசலைத் தாண்டினார். ஒழுங்கையில் நின்ற ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.