கலிங்கு வைத்த பந்தயப் பாதை

சவரியப்பன் வேகமாக ஓட்டுவான், வளைவில் விழுவான். அன்னவாசலில் யாரைக் கேட்டாலும் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். முதலாவதோடு நிறுத்திக்கொள்ள ஒருத்தருக்கும் மனசு வராது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

விடியலில் புதுக்கோட்டை ரயிலடிக்குப் போய்ப் பேப்பர் கட்டை வாங்கி, சைக்கிளில் கொண்டுவந்து அன்னவாசலில் வீடு வீடாகப் போடுவது அவன் பிழைப்பு. வழியில் முதல் பஸ்ஸைப் பின்னால் விட்டுவிட்டு வந்த நாளெல்லாம் உண்டு. அப்படிப்பட்டவன், புதுக்கோட்டை மைதானத்தில் வருசா வருசம் நடக்கிற சைக்கிள் பந்தயத்தில் மட்டும் சிவசாமியிடம் தோற்றுக்கொண்டே இருந்தான். சிவசாமி கோர்ட்டில் பியூன். ஓட்டத்தில் அப்படியொன்றும் சூரனில்லை. ஆனால் பிரேக் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போய் சர்க்கார் வந்தது. மைதானம் மட்டும் மாறவில்லை. தட்டையான தரை, மூலைக்கு ஒரு கம்பு, சுற்றிலும் கயிறு, அவ்வளவுதான் பந்தயப் பாதை. நேர்ப் பாதையில் பறந்து வருகிறவன் மூலையில் பிரேக்கைப் பிடிக்காவிட்டால் கயிற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கிற கடலைக் கூடையில்தான் போய் விழ வேண்டும். சவரியப்பன் விழுந்தான், ஒரு தடவை இல்லை. ஒவ்வொரு தடவையும் சிவசாமி பரிசு வாங்கிய கையோடு வந்து அவனைத் தூக்கிவிட்டு, "நேர்ல நீ புலிப்பா, வளைவுலதான் விட்டுர்ற" என்பான். நல்ல மனசோடுதான் சொல்வான். அதுதான் இன்னும் எரியும்.

"வளைவுல கொஞ்சம் பிரேக்கைப் புடிச்சா என்னங்க கொறைஞ்சு போவீங்க?" என்பாள் அவன் பெண்சாதி சந்தனம், முட்டிக்கு மஞ்சள் பத்துப் போட்டபடி.

அவளுக்கு எப்படிச் சொல்வது? யுத்தத்தில் லாரி ஓட்டப் போய் இத்தாலியில் கிடந்தபோது, ஒரு ஊரில் சைக்கிள் பந்தயத்துக்கென்றே சிமிண்டில் கட்டிய பாதையைப் பார்த்தான். பெரிய தொட்டி மாதிரி இருந்தது. வளைவில் தரை வெளிப்பக்கம் உயர்ந்து உள்பக்கம் சாய்ந்திருந்தது. அந்த ஊர்க்காரன் ஒருத்தன் தன் சைக்கிளைக் கொடுத்து ஏறச் சொன்னான். அதில் பிரேக்கே கிடையாது. மாதாவை நினைத்துக்கொண்டு வளைவுக்குள் விட்டான் சவரியப்பன். விழவில்லை. பாதை அவனை அணைத்துக்கொண்டு போய் அடுத்த நேரில் விட்டது. அந்த ஒரு சுற்றுதான் அவன் நிம்மதியைக் கெடுத்தது.

"தட்டுல மோரை ஊத்திச் சுத்திப் பாரு, வெளிய கொட்டிரும். கிண்ணத்துல ஊத்திச் சுத்து, கொட்டாது. தரை கிண்ணமா இருக்கணும், புரியுதா?" என்றான் அவளிடம்.

"கொட்டுன மோரை யாரு தொடைக்கிறது?" என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போனாள்.

அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அப்படி ஒரு பாதையில் சிவசாமியோடு ஒரு தடவை ஓட வேண்டும். பிரேக் பிடிப்பதில் யார் கெட்டிக்காரன் என்று பார்க்கிற பந்தயம் இல்லை, யார் வேகம் என்று பார்க்கிற பந்தயம். தோற்றாலும் சரி, முடிவு தெரிந்து போக வேண்டும்.

ஊருக்கு வடக்கே உடைகுளம் என்று ஒரு பள்ளம் கிடந்தது. என்றைக்கோ கரை உடைந்து, தண்ணீர் தங்காமல் போய், கருவேலம் மண்டிக் கிடந்தது. சவரியப்பன் கண்ணுக்கு அது பாதி கட்டிய பந்தயப் பாதை. பஞ்சாயத்துத் தலைவர் ஆண்டிச்சாமியிடம் போய் நின்றான்.

"ஒடைப்பை அடைச்சு, சுத்திக் கரையை உசத்தணும்கிற?"

"ஆமாங்க தலைவரே. சைக்கிள் ஓட."

"சைக்கிளோ என்னமோ ஓடட்டும். கரை உசந்தாச் சரி. ஆள் தாரேன், போ."

இவ்வளவு லேசில் தலையாட்டுகிறாரே என்று அப்போதே அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்தது.

கரை போடுவதில் பேர்போன அய்யாக்கண்ணுதான் வேலைக்கு முன்னால் நின்றார். முதல் நாளே தகராறு. "சுத்தி ஒரே சாய்வாப் போட்டுத் தாரேன் தம்பி" என்றார் அவர். ஒரே சாய்வு கூடாது என்றான் இவன். நேரில் லேசான சாய்வு போதும், வளைவில் செங்குத்தாக ஏற வேண்டும். லேசு எங்கே முடிந்தது, ஏற்றம் எங்கே தொடங்கியது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியவே கூடாது. நடுவில் ஒரு திண்டு இருந்தாலும் சக்கரம் தூக்கி அடித்துவிடும்.

செம்மண்ணும் சரளைத் தூளும் கலந்து கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினார்கள். களத்துக்கு மெழுகுகிற மாதிரி பெண்கள் சாணி கரைத்து மெழுகினார்கள். சவரியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் நடப்பான். காலுக்கு ஒரு பொடிக்கல் தட்டுப்பட்டாலும் அந்த இடத்தைக் கொத்திவிட்டு மறுபடி இடிக்கச் சொல்வான். பைத்தியம் முற்றிவிட்டது என்று பெண்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் மறுபடியும் மெழுகினார்கள்.

வேலை முடிகிற தறுவாயில் ஒருநாள் பேப்பர் போட்டுவிட்டு வந்து பார்க்கிறான், உயரமான வளைவின் நட்ட நடுவில் கரையை வெட்டி, இரண்டு பக்கமும் கல் நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்திருக்கிறார்கள். பக்கத்தில் அய்யாக்கண்ணு சிரித்த முகமாக நிற்கிறார்.

"கலிங்கு வைக்கச் சொல்ல மறந்துட்டியே தம்பி. நானே வச்சிட்டேன்."

நிறைந்த குளத்தின் மிச்சத் தண்ணீர் வழிந்து போக வைக்கிற வழிதான் கலிங்கு. சவரியப்பன் கல்லைக் காட்டினான். "அண்ணே, இது சைக்கிள் ஓடுற எடம்ணே. இங்க எதுக்கு கலிங்கு?"

"கலிங்கு இல்லாமக் கரை கட்டுனாப் பாவம். எங்கய்யா கட்டலை, நானும் கட்ட மாட்டேன். ஒடைப்பை அடைச்சாச்சுல்ல, இனிமே இது குளம்தான்."

சவரியப்பன் கல்லைத் தானே பிடுங்கிப் போட்டான். தானே மண்ணை வெட்டிக் கொட்டி, தானே திமிசு போட்டான். அய்யாக்கண்ணு தடுக்கவில்லை. கிளம்பும்போது மட்டும் சொன்னார். "நீயா அடைச்ச. அடைச்ச கைதான் வெட்டணும், இங்கிட்டு அதுதான் மொறை. தண்ணி நெறைஞ்ச அன்னைக்கு வேற யாரும் மம்பட்டியைத் தொட மாட்டாங்க, பாத்துக்க."

ஆடி பிறக்கும் முன்பே பாதை தயார். பழைய சைக்கிள் ஒன்றின் ஃப்ரீவீலைக் கழற்றி, மிதியும் சக்கரமும் சேர்ந்தே சுற்றுகிற மாதிரி செய்து, பிரேக்கையும் எடுத்துவிட்டு, பந்தயச் சைக்கிளாக்கி வைத்திருந்தான். சிவசாமிக்கும் அப்படியே ஒன்று. தலைவர்தான் நாள் குறிக்க வேண்டும். ஆடியில் நல்ல காரியம் வேண்டாம் என்றார். ஆவணியில் அவர் வீட்டில் கல்யாணம் என்றார். கடைசியில் ஆயுத பூசையன்று வைக்கலாம், எல்லாரும் சைக்கிளுக்கு மாலை போட்டுக்கொண்டு வருவார்கள் என்றார். சவரியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

ஆயுத பூசைக்கு முதல்நாள் மத்தியானம் மழை பிடித்தது. வருசக்கணக்காக வராத மழை, இவன் பந்தயத்துக்கு என்று பார்த்து வந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்? மேட்டுத் தண்ணீருக்குப் பழைய வரத்து வழி மறக்கவில்லை. கரை தாழ்ந்திருந்த மேட்டுப் பக்கமாக நேராக வந்து பாதைக்குள் இறங்கியது. ஊர் மொத்தமும் கரைமேல் நின்று கும்பிட்டது. தலைவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எதற்காக ஆள் கொடுத்தார் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

பொழுது சாயுமுன் தண்ணீர் வளைவில் பாதி உயரத்துக்கு ஏறிவிட்டது. வளைவுக்கு வெளியே, கரைக்குக் கீழே ஒரு தெரு. அங்கே குடியிருக்கிற இருளாயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள். "சவரியண்ணே, கரை கசிஞ்சு எங்க அடுப்படிக்கு வந்துருச்சு."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். மண்வெட்டி தரையில் கிடந்தது. ஒருத்தரும் குனிந்து எடுக்கவில்லை. மறுநாள் பந்தயத்துக்காகப் புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்த சிவசாமி எடுக்கப் போனான். அய்யாக்கண்ணு அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

சவரியப்பன் தலைவரைத் திட்டினான், மழையைத் திட்டினான், மண்வெட்டியை எடுத்து, தான் அடைத்த கலிங்கையே வெட்டினான். காலால் தடவித் தடவிச் சமன் செய்த வளைவு. இறுக்கி இடித்த மண், லேசில் பெயரவில்லை. இவ்வளவு நன்றாக ஏன்தான் கட்டித் தொலைத்தோம் என்று வெட்டுக்கு வெட்டு நொந்துகொண்டான். தண்ணீர் தெருவை விட்டு ஒதுங்கிப் பக்கத்து வாய்க்காலில் இறங்கியதும்தான் நிமிர்ந்தான்.

மறுவாரமே அய்யாக்கண்ணு பழையபடி கல் நட்டுவிட்டார். ஊர் அதற்குச் சவரியான் குளம் என்று பேர் வைத்தது. குடத்தோடு போகிற பெண்கள் "புண்ணியவான்" என்பார்கள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். குளம் வற்றினால்தானே பந்தயம்? மாதா கோயிலில் சாமியார் மழைக்காகச் செபம் சொல்லும்போது, ஆமென் என்று சொல்லவும் வாய் வராது, சொல்லாமலிருக்கவும் பயமாக இருக்கும். மழை வேண்டாமென்று எந்த வாயால் கேட்பான்?

அறுபத்தைந்து கோடையில்தான் அது முதன்முதலாக அடிவரை காய்ந்தது. காது ஓரம் நரைத்த சிவசாமி தானாகவே சைக்கிளோடு வந்து நின்றான். "இப்ப ஓடிப் பாத்துருவோமாப்பா? கலிங்கை ஒரு நாளைக்கு அடைச்சாப் போச்சு."

சவரியப்பன் கலிங்கைப் பார்த்தான். அதற்குக் கீழே இருளாயி வீட்டுக் கூரையைப் பார்த்தான். "வேணாம்பா. மழை வந்துட்டா?"

"வானத்துல பொட்டு மேகம் இல்லையேப்பா."

"அன்னைக்குக் காலையிலயும் இல்லை."

சொல்லிவிட்டு அவனுக்கே எரிச்சல் வந்தது. அய்யாக்கண்ணு பேச்சல்லவா தன் வாயில் வருகிறது! கலிங்கை அடைக்காமலே ஓடிவிடுவோம் என்று வீட்டுக்குப் போய்ப் பிரேக் வைத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தான். முதல் வளைவு அத்தனை தண்ணீர் நின்றும் சிதையாமல் கிடந்தது. அடுத்த வளைவில் கலிங்குக்காகக் கீழே இறங்கித் திரும்பி மேலே ஏற வேண்டும்.

ஓடினார்கள். முதல் வளைவில் சவரியப்பன் பிரேக்கைத் தொடவே இல்லை. பாதை அவனைத் தாங்கிக்கொண்டு போய் விட்டது, இத்தாலியில் விட்ட மாதிரியே. வெகுதூரம் முன்னால் போய்விட்டான். கலிங்கு வந்தது, பிரேக்கைப் பிடித்தான், சறுக்கி விழுந்தான். சிவசாமி அழகாக இறங்கி, அழகாகத் திரும்பி, ஏறிப் போய்விட்டான்.

"நேர்ல நீ புலிப்பா" என்று தூக்கிவிட வந்தான் சிவசாமி. "வளைவுலதான்..."

"எந்த வளைவுல? மொத வளைவுலயா?"

சிவசாமி திரும்பி முதல் வளைவைப் பார்த்தான். "அதுல இல்லப்பா. அதுல ஒன் கிட்டக்கூட என்னால வர முடியலை. இத்தனை வருசமா எனக்கு அது தெரியாமப் போச்சு."

"இதை ஊருக்குள்ள வந்து சொல்லு."

சிவசாமி யோக்கியன். டீக்கடைக்கு வந்து, அவ்வளவையும் ஒன்று விடாமல் சொன்னான். கடையிலிருந்தவர்கள் கடைசிவரை கேட்டார்கள்.

"அப்ப ஜெயிச்சது யாரு?" என்றார் ஒருத்தர்.

"ஜெயிச்சது நான்தான்" என்றான் சிவசாமி.

"வேகமாத்தான் ஓட்டுவான்" என்றார் அவர். "வளைவுலதான்..."

சவரியப்பன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.