மச்சாளின் ஐந்து பொடியன்கள்

என் கணவரின் தங்கையான மச்சாள் எங்களோடு இருந்த மூன்று வருடங்களில் இரண்டு வருடங்கள், எங்கள் வரவேற்பறையில் ஐந்து ஜப்பானியப் பொடியன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். முதல் நாளே எனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. மச்சாளையும் அப்போது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புருஷன் விட்டுவிட்டுப் போனபின் அவள் இரண்டு பெட்டிகளோடு மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாற்பத்து நான்கு வயது. பிள்ளை இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து இங்கே படித்தவள் என்பதால் பிரெஞ்சு தண்ணீர் மாதிரி ஓடும். ஒரு கார்டெரியில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை. அங்கே கூட வேலை செய்த வியட்நாம்காரி ஒருத்திதான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியில் அந்தப் பொடியன்களின் பாட்டுக் குழுவைக் காட்டினாளாம். சில மாதங்களிலேயே ஐந்து பேரின் பிறந்தநாளும் மச்சாளுக்குப் பாடமாகிவிட்டது. என்னுடைய பிறந்தநாள் அவளுக்குத் தெரியாது.

வேலையால் வந்ததும் டிவியைப் போட்டுவிடுவாள். ஒரு பாட்டில் தண்ணீரில்லாத நீச்சல் குளத்துக்குள் ஆடுவார்கள். இன்னொன்றில் கொட்டும் மழையில் ஓடுவார்கள், ஒருவனுக்கும் தலைமயிர் நனையாது. நான் உறைந்த உணவு பொதிசெய்யும் தொழிற்சாலையில் எட்டு மணிநேரம் நின்றுவிட்டு வந்து, அந்த நனையாத தலைகளைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் வெட்டுவேன்.

பிறகு அவர்களுடைய வீடியோக்களையெல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பு வெளியிடப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. மச்சாள் ஜப்பானியக் கடையொன்றுக்கு நேரே எழுதிப் பணம் கட்டினாள். வந்த பார்சலில் மூன்று பெட்டிகள் இருந்தன. மூன்றிலும் அதே டிவிடிதான், ஒன்றில் கூடுதலாகப் படப்பிடிப்புக் காட்சிகள், ஒன்றில் தடித்த படப் புத்தகம், மூன்றாவது வெறும் டிவிடி. அந்த டிவிடியைப் போட்டபோது, இந்த நாட்டில் இது ஓடாது என்று திரையில் எழுத்து வந்தது.

"பாக்கேலாததை ஏன் வாங்கினனீர்?" என்று கேட்டேன்.

"ஓடாது எண்டு தெரியும் அண்ணி. ஜப்பான் கடையில வாங்கினாத்தான் அங்க விற்பனையில எண்ணுவினம். முதலிடத்துக்கு வர முதல் கிழமைதான் முக்கியம்."

"இதெல்லாம் யூடியூப்பில சும்மா கிடக்குதுதானே."

அவள் அந்தப் புத்தகத்தின் மெல்லிய தாளைக் கசங்காமல் விரிப்பதிலேயே இருந்தாள். அந்தக் கம்பனிக்காரரை நினைத்து எனக்கு எரிச்சல் வந்தது. ஒரே பாட்டை மூன்று பெட்டியில் போட்டு, மூன்றையும் வாங்க வைத்து, ஓடாததையும் விற்றுவிடுகிறார்கள். அவர்களைவிட, சிரித்த முகத்தோடு அதை வாங்கியவள்மேல்தான் எரிச்சல் கூட.

அதே கிழமையில் நான் பிரெஞ்சுப் பரீட்சையில் தேறினேன். மூன்றாவது தடவை. முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்ய விரும்பினேன். அந்தப் படிப்பில் சேருவதற்கு அந்தச் சான்றிதழ் தேவைப்பட்டது. மெட்ரோவிலும் பேருந்திலும் வினைச்சொற்களை வாய்க்குள் முணுமுணுத்துத் திரிந்த இரண்டு குளிர்காலங்கள் அதற்குள் இருந்தன. கடிதத்தைக் காட்டியபோது, துறைமுகத்திலிருந்து லொறி ஓட்டிவிட்டு வந்த கணவர் களைப்போடு "நல்லம்" என்றார். மச்சாளும் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "நல்லம் அண்ணி" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கும் நான்தான் சமைத்தேன்.

சில நாள் கழித்து ஒரு காலையில் மச்சாளின் அறைக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. யாரோ செத்துப்போனார்கள் என்று பதறி ஓடினேன். தொகுப்பு ஜப்பானில் முதலிடத்துக்கு வந்துவிட்டதாம். சந்தோஷத்தில் அழுகிறாளாம்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் ஒரு கேக் வாங்கி வந்தாள். ஐந்து நிறத்தில் ஐந்து பூ, நடுவில் பிரெஞ்சில் 'பிராவோ'. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள புரோசார்ட்டிலிருந்து அந்த வியட்நாம்காரியும், அதே பொடியன்களின் ரசிகையான ஒரு சீனப் பெண்ணும் வந்தார்கள். நான் கோப்பைகளைக் கழுவி வைத்தேன், தேநீர் போட்டேன், பற்றீஸ் சூடாக்கினேன். அவர்கள் திரைக்கு முன்னால் கைதட்டினார்கள். ஒரு பிள்ளை டொக்டருக்குப் படித்து முடித்த வீடு மாதிரி இருந்தது.

நான் தட்டோடு வந்தபோது வியட்நாம்காரி மரியாதையாக எழுந்து நின்று, இந்த ஐந்து பேரில் எனக்கு யாரைப் பிடிக்கும் என்று பிரெஞ்சில் கேட்டாள். நல்ல மனத்தோடுதான் கேட்டாள். மச்சாள் சிரித்துக்கொண்டே, அண்ணிக்கு இதெல்லாம் விளங்காது என்று எனக்காகப் பதில் சொன்னாள். அதையும் பிரெஞ்சிலேயே சொன்னாள்.

நான் தட்டை மேசையில் வைத்துவிட்டு, எல்லாம் நன்றாக விளங்குகிறது என்றேன். இவளைப் புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், பிள்ளையும் இல்லை, அதனால்தான் தன் பெயர்கூடத் தெரியாத பொடியன்களுக்குக் காசு கட்டித் தாயாக இருக்கிறாள் என்றும் சொன்னேன். அது பிரெஞ்சில் ஒரு பிழையும் இல்லாமல், தடக்குப்படாமல் வந்தது. பரீட்சையில்கூட நான் அப்படிப் பேசவில்லை.

சீனப் பெண் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் பொடியன்கள் தொடர்ந்து ஆடினார்கள். மச்சாள் எழுந்து டிவியை நிறுத்தினாள். பிறகு கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்து நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை. நான் வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். சொன்னதற்காக நான் அப்போது வெட்கப்படவில்லை. வென்றுவிட்டேன் என்றுதான் இருந்தது.

இரண்டு கிழமையில் அவள் புரோசார்ட்டுக்கு, அந்த வியட்நாம்காரியின் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு மாறிப் போனாள். கணவர்தான் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உமக்கு இப்ப சந்தோசமோ?"

ஓம் என்றேன். அது உண்மையும்தான். டிவி எனக்குத் திரும்பக் கிடைத்தது. முதல் மாதம் வீடு அமைதியாக இருந்தது. பிறகு நான் பராமரிப்பாளர் படிப்புக்குப் போனேன். அங்கே ஒரு நாள், நோயாளியை மற்றவர்களுக்கு முன்னால் தலைகுனிய வைக்கக்கூடாது என்பதைப் பற்றி ஆசிரியை ஒரு மணிநேரம் பேசினார். நான் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டேன். அன்று இடைவேளையில் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

அவளுக்குப் பின்னால் குழந்தைகளின் சத்தம் கேட்டது.

"ஓம், சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். பிறகு, "பிள்ளையள் அழுகினம். பேந்து எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாள்.

அவள் எடுக்கவில்லை. நானும் இரண்டாம் தரம் எடுக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. அதற்காகத் திரும்ப எடுக்க என் வீம்பு விடவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் தனியாக அவளிடம் போய் வருகிறார். போன மாதம் வந்தவர், அந்தப் பொடியன்களின் அடுத்த தொகுப்பும் முதலிடத்துக்கு வந்துவிட்டதாக, தன் வீட்டுச் சங்கதி போலச் சொன்னார். நான் அடுப்பைத் தணித்துவிட்டு, சோறு போடட்டா என்று கேட்டேன். அங்கேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார்.