வெளிநாடு போன தப்புச் சத்தம்

திருச்சிப் பக்கத்தில் விடிவதற்கு முன் பறை கேட்டால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். இலங்கையில் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாராக வந்து விழித்த முதல் விடியலில் தப்புப் பறையின் சத்தம் கேட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினேன். “யாருங்க போயிட்டது?” என்றேன். அடுப்பு ஊதிக்கொண்டிருந்த மாரியாயி சிரித்த சிரிப்பில் நெருப்பே அணைந்துவிட்டது. “யாரும் போகலைங்க வாத்தியாரே. வேலைக்கு எழுப்புறாங்க. அடிக்கிறது எங்க வீட்டுக்காரருதான்.” ஊரில் இருக்கும் உங்களுக்கு இது புதிதாக இருக்கும். இங்கே பெரட்டுக்கு, அதாவது காலையில் எல்லோரும் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் இடத்துக்கு, ஜனங்களை எழுப்பி அனுப்புவது தப்புதான்.

அவளுடைய கணவர் பெயர் சன்னாசி. சென்ற வருடம் தோட்டத் துரையின் பங்களாவுக்கு விருந்தாளியாக வந்த கொழும்புச் சங்கீதக்காரர் ஒருவர் அந்த அடியைப் படுக்கையில் கிடந்தபடியே கேட்டிருக்கிறார். தூக்கம் கெட்டதென்று புகார் சொல்லாத முதல் விருந்தாளி அவர்தான். பல நாட்டு வானொலிகள் சேர்ந்து ஐரோப்பாவில் நடத்தும் பாட்டுப் போட்டிக்கு இலங்கையின் பாட்டை அமைக்கும் பொறுப்பு அவருடையது. மலை விடியலைப் பற்றிச் சிங்களத்தில் ஒரு பாட்டை அமைத்து, சன்னாசியைத் தப்போடு கொழும்புக்கு அழைத்துப்போனார். சன்னாசி ஹட்டனில் ஒரு பழைய கோட்டு வாங்கி வைத்தார். கப்பலா, விமானமா என்று லயமே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது.

கடைசியில் பாஸ்போர்ட் கேட்டார்கள். சன்னாசி பிறந்தது இந்தத் தோட்டத்தில். ஆனாலும் இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று அவருடைய மனுவைத் தள்ளியிருந்தார்கள். இந்தியாவிலோ அவரைத் தெரிந்தவர் எவருமில்லை. அவரிடமே அடியைக் கற்றுக்கொண்டு கொழும்புக்காரர் ஒருவர் விமானம் ஏறினார். “போறது நம்ம அடிதானேங்க” என்றார் சன்னாசி. ஆனால் வாங்கிய கோட்டை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார்.

போட்டி ஒலிபரப்பான சாயங்காலம், ரேடியோ கேட்க வந்த கூட்டத்தில் பஜாரில் சிங்கள முதலாளியின் தேத்தண்ணிக் கடை நிரம்பி வழிந்தது. முதலில் இந்தியாவின் பாட்டு. என் நாடாயிற்றே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் பாதிப் பாட்டில் தேத்தண்ணிக்குச் சீனி போதவில்லை என்று கையைக் காட்டினேன்.

அடுத்தது இலங்கை. தப்பு அதிர்ந்ததுதான் தாமதம், பெஞ்சுகளில் இருந்த ஜனம் அத்தனையும் சடாரென்று எழுந்துவிட்டது. மாரியாயியின் கை கொழுந்துக் கூடைக் கயிற்றைத் தேடித் தலைக்குப் போயிற்று. எழுந்த பிறகுதான் எல்லோருக்கும் வெட்கமும் சிரிப்பும் வந்தன. அப்போது கவனித்தேன், நானும் நின்றுகொண்டிருந்தேன். இந்தியப் பாட்டுக்கு அசையாத கால்கள்!

நாட்டுக்கு மரியாதை செய்ய எழுந்தோம் என்று முதலாளி நினைத்துவிட்டார். கண் கலங்க அவரும் நிமிர்ந்து நின்று, “அபே ரட! நம்ம நாடு!” என்று இரண்டு மொழியிலும் சொன்னார். அவரைத் திருத்த யாருக்கும் மனம் வரவில்லை.

எழாதவர் சன்னாசி ஒருவர்தான். தினமும் எல்லோரையும் எழுப்புகிறவரை அந்தச் சத்தம் ஒருநாளும் எழுப்பியதில்லை.

“நான் அடிக்கிறது உங்களுக்கெல்லாம் இப்படித்தான் கேக்குமா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“இதைவிட மோசமாக் கேக்கும். அது விடியக்காலையில பாருங்க” என்றாள் மாரியாயி.

பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். சன்னாசி என் பக்கம் சாய்ந்தார். “என்ன சொல்றாங்க வாத்தியாரே?”

“இலங்கை மலை ஜனங்களோட பாட்டுன்னு சொல்றாங்க.”

“அப்ப நம்மளையும் சேத்துத்தான் சொல்றாங்களா?”

“ஆமாங்க” என்றேன்.

சன்னாசி வேட்டியைச் சரிசெய்துகொண்டு மெதுவாக எழுந்து நின்றார். அதற்குள் ரேடியோவில் வேறொரு நாட்டின் பாட்டு தொடங்கிவிட்டது.